ஒரு சந்தா, எத்தனை வாசல்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து ஆய்விதழ்க் கட்டுரை தேடினால், மாநில மின்நூலகத்தின் தளம் பல ஆண்டுகளாக அவரிடம் கேட்டது டிரைவிங் லைசென்ஸ் எண்ணைத்தான். வண்டி ஓட்ட வாங்கிய அட்டையே ஆய்விதழுக்கும் அனுமதிச் சீட்டு. பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் அதுகூடத் தேவையில்லை. அங்குள்ள இணையச் சேவை நிறுவனங்களின் ஐ.பி. முகவரிகளை நூலகத் துறை வாங்கி வைத்திருக்கிறது. மாநிலத்துக்குள்ளிருந்து தேடினாலே போதும், கதவு திறந்துவிடும். ஐஸ்லாந்தில் இதே ஏற்பாடு நாடு முழுவதற்கும் உண்டு. பிரிட்டனில் 2014 முதல் நடக்கும் ஒரு திட்டத்திலோ, வாசகர் பொது நூலகத்துக்கு நேரில் போய் அங்குள்ள கணினி முன் உட்கார்ந்தால்தான் கட்டுரை கண்ணில் படும்.

உள்ளே இருக்கும் சரக்கு எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே ரகம்: காசு கட்டாமல் படிக்க முடியாத ஆய்விதழ்கள், பத்திரிகைக் கட்டுரைகள், கலைக்களஞ்சியங்கள். வித்தியாசம் வாசலில்தான். பல நூலகங்களுக்கும் சேர்த்து வாங்கும் இந்தக் கூட்டுச் சந்தா என்றதும் எத்தனை கோடி, எத்தனை இதழ் என்று கணக்குப் பேசுகிறார்கள். பொது நூலகத்தைப் பொறுத்தவரை, திட்டம் பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது வாசல் எங்கே இருக்கிறது, அதற்கு யார் வழிகாட்டுகிறார்கள் என்ற இரண்டும்தான். இந்தியாவுக்கும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் மூன்றாம் கட்டம் பொது நூலகங்களைத்தான் குறிவைக்கிறது.

கூட்டாகச் செலவைப் பகிரும் யோசனை இணையத்துக்கு வெகுகாலம் முந்தியது. 1901இல் ஹெச். டபிள்யூ. வில்சன் என்ற அமெரிக்கப் புத்தக வியாபாரி, பத்திரிகைக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகவும் ஆசிரியர்வாரியாகவும் அடுக்கிய ‘ரீடர்ஸ் கைடு’ என்ற அட்டவணையைத் தொடங்கினார். எந்தப் பொருளைப் பற்றி எந்தப் பத்திரிகையில் என்ன வந்தது என்று ஒரே இடத்தில் பார்க்கலாம். விலை வைத்ததில்தான் அவர் சாமர்த்தியம் தெரிந்தது. எல்லா நூலகத்துக்கும் ஒரே விலை கிடையாது. அட்டவணையில் வரும் பத்திரிகைகளில் எத்தனையை ஒரு நூலகம் வாங்குகிறதோ அதற்குத் தக்கபடி கட்டணம். பெரிய நூலகம் அதிகம் கட்டியது, சின்ன ஊர் நூலகம் குறைவாகக் கட்டியது. இன்றைய தரவுத்தள ஒப்பந்தங்களில் மக்கள்தொகையையும் மாணவர் எண்ணிக்கையையும் வைத்து விலை பேசுவது இதன் பேரப்பிள்ளைதான். அந்த வில்சன் நிறுவனமே 2011இல் தரவுத்தள நிறுவனமான எப்ஸ்கோவோடு சேர்ந்துவிட்டது.

நடுவில் ஒரு காலம் இருந்தது. 1970களில் ‘டயலாக்’ போன்ற கணினித் தேடல் சேவைகள் வந்தபோது கட்டணம் நிமிடக் கணக்கில் ஓடியது. வாசகர் கையில் விசைப்பலகையைக் கொடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அவர் என்ன வேண்டும் என்று சொல்வார். பயிற்சி பெற்ற நூலகர் தேடல் கட்டளைகளை முன்கூட்டியே தாளில் எழுதிவைத்துக்கொண்டு, இணைப்பு கிடைத்ததும் மளமளவென்று தட்டி முடித்துத் துண்டிப்பார். 1985 வாக்கில் ‘இன்ஃபோட்ராக்’ போன்ற தரவுத்தளங்கள் வட்டுகளில் வந்து வாசகரே தேடும் நிலையை உண்டாக்கின. வட்டு இருக்கும் கணினி எதுவோ அதுதான் வாசல்.

இணையம் அந்தக் கணினியை விலக்கியது. ஆண்டுக்கு ஒரு தொகை, எத்தனை பேர் தேடினாலும் அதே தொகை என்ற ஏற்பாடு வந்த பிறகுதான் மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தம் என்ற எண்ணம் நடைமுறைக்கு ஏற்றதாயிற்று.

முதலில் துணிந்த அமெரிக்க மாநிலங்களில் ஒன்று ஜார்ஜியா. 1995இல், ஜெல் மில்லர் ஆளுநராக இருந்தபோது, மாநிலச் சட்டமன்றம் ஏறத்தாழ 1 கோடி டாலர் ஒதுக்க, செப்டம்பரில் ‘கலிலியோ’ என்ற மின்நூலகம் தொடங்கியது. முதலில் மாநிலப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும். பிறகு பொது நூலகங்களும் பள்ளிகளும். அட்லாண்டாவில் பேராசிரியர் திறக்கும் அதே திரையை, பருத்தி வயலுக்கு நடுவே இருக்கும் கவுண்டி நூலகத்திலும் திறக்கலாம் என்ற நிலை உருவானது. வீட்டிலிருந்து பயன்படுத்த ஒரு கடவுச்சொல் இருந்தது. அதை உள்ளூர் நூலகத்தில் கேட்டு வாங்க வேண்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை மாறும். இது கொஞ்சம் எரிச்சலூட்டும் ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடவுச்சொல்லுக்காகவாவது ஆட்கள் நூலகத்தின் மேசைக்கு வந்தார்கள்.

பதிப்பகங்கள் இதற்கு ஏன் சம்மதித்தன? அந்தக் கவுண்டி நூலகம் எந்தக் காலத்திலும் தனியாகச் சந்தா கட்டியிருக்காது. அதைச் சேர்ப்பதால் விற்பனையில் நட்டம் எதுவும் இல்லை. நூறு நூலகங்களோடு நூறு தடவை பேரம் பேசி நூறு பில் அனுப்புவதற்குப் பதிலாக ஒரே கையெழுத்து. அதுவும் சட்டமன்றம் ஒதுக்கிய பணம், வராமல் போகாது. நியூசிலாந்து 2004இல் பள்ளிகளையும் பொது நூலகங்களையும் பல்கலைக்கழகங்களையும் ஒரே கூட்டமைப்பில் கோத்தபோதும் இதே கணக்குதான் வேலை செய்தது.

வீட்டு வாசல் திறப்பதன் பின்னால் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. பதிப்பகத்தின் கணினிக்கு வாசகரைத் தெரியாது. அது பார்ப்பது கோரிக்கை எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வருகிறது என்பதை மட்டும். நூலகத்துக்குள் இருக்கும் கணினி என்றால் முகவரி பட்டியலில் இருக்கும். வீட்டுக் கணினியின் முகவரி இருக்காது. 1999இல் அரிசோனாவின் ஒரு சமுதாயக் கல்லூரியில் நூலகராக இருந்த கிறிஸ் ஜாகர் இதற்காக எழுதிய மென்பொருள்தான் ‘ஈஸிபிராக்ஸி’. வாசகர் தம் நூலக அட்டை எண்ணை அடிக்கிறார். அமெரிக்கப் பொது நூலகங்களில் அது பெரும்பாலும் 14 இலக்க பார்கோடு. 2இல் தொடங்கினால் ஆள், 3இல் தொடங்கினால் புத்தகம். எண் சரி என்றால் நூலகத்தின் சர்வர் தன் முகவரியை அவருக்கு இரவல் கொடுத்து, அவர் சார்பில் கட்டுரையை வாங்கித் தருகிறது. பதிப்பகத்தின் பார்வையில் அவர் நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். ஒரு நூலகர் தம் சொந்தத் தேவைக்கு எழுதிய நிரல் உலகம் முழுக்கப் பரவி, 2008இல் ஓ.சி.எல்.சி. என்ற நூலகச் சேவை நிறுவனத்தின் கைக்குப் போனது. வீட்டு வாசலுக்குத் தொழில்நுட்பம் தடையாக இருந்த காலம் அதோடு முடிந்துவிட்டது என்பதை இந்தியத் திட்டக்காரர்கள் நினைவில் வைப்பது நல்லது.

ஐஸ்லாந்து இதைவிட ஒரு படி மேலே போனது. மூன்று லட்சத்துக்கும் குறைவான மக்கள் இருந்த அந்தத் தீவு நாடு 1999இல் என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவின் இணையப் பதிப்பை நாடு முழுமைக்கும் சேர்த்து வாங்கியது. அடுத்தடுத்து ஆய்விதழ்த் தொகுப்புகளும் தரவுத்தளங்களும் சேர்ந்தன. தேசிய, பல்கலைக்கழக நூலகம் இதை நிர்வகிக்கிறது. நாட்டுக்குள் இருக்கும் எந்த இணைப்பிலிருந்தும் திறக்கலாம். உறுப்பினர் அட்டை கிடையாது, கடவுச்சொல் கிடையாது. மீன்பிடித் துறைமுகத்தில் கப்பல் எந்திரம் பழுதுபார்ப்பவரும் ரெய்க்யவிக் மருத்துவமனை டாக்டரும் ஒரே மாதிரி நுழைகிறார்கள். சின்ன நாடு என்பதால்தான் இது முடிந்தது என்று ஒதுக்கிவிடலாம், ஓரளவு உண்மையும்கூட. ஆனாலும் ஒரு விஷயத்தை ஐஸ்லாந்து நிரூபித்துவிட்டது: பதிப்பகங்கள் ‘குடிமகன்’ என்ற சொல்லைப் பயனாளர் பட்டியலில் ஏற்கத் தயார், விலை ஒத்துவந்தால். சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. 2008இல் அந்நாட்டு வங்கிகள் சரிந்து குரோனாவின் மதிப்பு விழுந்தபோது, வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டிய சந்தா உள்ளூர்க் கணக்கில் ஒரே பாய்ச்சலாக ஏறியது. அந்நிய நாணயத்தில் சந்தா கட்டும் எந்த நாட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. ரூபாயும் இதற்கு விலக்கல்ல.

பிரிட்டன் கதை இதற்கு நேரெதிர். 2012இல் வெளிவந்த ஃபிஞ்ச் குழு அறிக்கை, மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வு மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அதையொட்டிப் பதிப்பகங்கள் முன்வந்து, 2014 பிப்ரவரியில் ‘ஆக்சஸ் டு ரிசர்ச்’ திட்டத்தைத் தொடங்கின. பொது நூலகங்கள் ஒரு காசு கட்ட வேண்டாம். நிபந்தனை ஒன்றுதான்: நூலகக் கட்டடத்துக்குள் மட்டும் படிக்கலாம், சொந்தப் படிப்புக்கு மட்டும். தாராளமான ஏற்பாடு என்றுதான் தோன்றும். ஆனால் அதே நாட்டில் அதே நூலக அட்டையை வைத்துக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டு தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியை ஒருவர் வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி படிக்கலாம். ஒரே அட்டை, ஒரே வாசகர். ஒரு சரக்குக்கு வீட்டு வாசல், இன்னொன்றுக்குக் கட்டட வாசல். நோய் பற்றிப் படிக்க நினைக்கும் நோயாளி, கைக்குழந்தை வைத்திருக்கும் தாய், கடை மூடிய பிறகுதான் நேரம் கிடைக்கும் வியாபாரி ஆகியோர் யாரும் மாலை ஐந்து மணிக்குள் நூலகக் கணினி முன் வரிசையில் நிற்கப் போவதில்லை. இலவசமாகக் கொடுத்த பதிப்பகங்களுக்கு நட்டம் வராதபடி வாசல் வடிவமைக்கப்பட்டது என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

வாசல் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு யாரும் திட்டமிடாத ஒரு சோதனையும் நடந்துவிட்டது. குடும்ப வரலாறு தேடுவோருக்கான ‘ஆன்செஸ்ட்ரி’யின் நூலகப் பதிப்பு அமெரிக்காவில் கட்டடத்துக்குள் மட்டும் திறக்கும். 2020 மார்ச்சில் கொரோனாவால் நூலகங்கள் மூடியபோது அதை வீட்டிலிருந்து பயன்படுத்த நிறுவனம் தற்காலிகமாக அனுமதித்தது. தற்காலிகம் என்று சொன்னது நீண்டு 2021 டிசம்பர் வரை போனது. தொழில்நுட்பமோ ஒப்பந்தச் சட்டமோ அதனால் இடிந்துவிழவில்லை. பிறகு கதவு பழையபடி சாத்தப்பட்டது, காரணம் வியாபாரம்.

சரக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டியலில் ஆயிரக்கணக்கான இதழ்கள் என்று வாசிப்பவர் ஏமாற வழியிருக்கிறது. எப்ஸ்கோ, கேல், புரோகுவெஸ்ட் போன்றவை பெரும்பாலும் பிற பதிப்பகங்களின் கட்டுரைகளைத் திரட்டித் தருபவை. பல ஆய்விதழ்களின் புதிய இதழ் அதில் ஓராண்டு கழித்துத்தான் வரும். அதுவரை தலைப்பும் சுருக்கமும் மட்டும். பதிப்பகம் மனம் மாறினால் நேற்று இருந்தது இன்று இருக்காது. 2010 தொடக்கத்தில் ‘டைம்’, ‘ஃபோர்ப்ஸ்’ போன்ற பிரபல இதழ்களின் முழு உரை உரிமையை எப்ஸ்கோ தனக்கு மட்டும் என்று வாங்கியது. போட்டியாளரான கேல் நூலகங்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிக் கொதித்தது. கேலுக்குச் சந்தா கட்டிய ஊர் நூலகத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, இழப்பு மட்டும் அதன் வாசகருக்கு. அச்சிதழ் என்றால் பழைய பிரதியாவது அலமாரியில் இருந்திருக்கும்.

இன்னொரு தவறான எண்ணம், பொது நூலக வாசகர் ஆய்விதழைத்தான் தேடுவார் என்பது. அமெரிக்க மாநிலங்கள் பல கூட்டுச் சந்தாவில் வாங்கிய ஒன்று ‘சில்ட்டன்’: கார் பழுதுபார்ப்புக் கையேடுகளின் தொகுப்பு. எந்த ஆண்டு வந்த எந்த மாடலுக்கு பிரேக் பேடை எப்படிக் கழற்றுவது என்று படத்தோடு இருக்கும். வேலைத்தேர்வு மாதிரி வினாத்தாள்கள், சிறுதொழில் தொடங்குவோருக்கான நிறுவனப் பட்டியல்கள், பழைய நாளிதழ்கள் எல்லாம் இதே குடையில் வந்தன. இவற்றைத் தேடி வந்தவர்தான் ஒருநாள் பக்கத்துத் தலைப்பையும் சொடுக்கிப் பார்க்கிறார். இவற்றைப் ‘படிப்பாளிக்கு உரியதல்ல’ என்று தள்ளும் குழுக்கள் பொது நூலகத்தைப் பல்கலைக்கழகத்தின் கிளை என்று நினைத்துக்கொள்கின்றன.

சந்தா வாங்கிய அன்றே பயன்பாடு வந்துவிடாது. தரவுத்தளம் கண்ணுக்குத் தெரியாத பொருள். புதுப் புத்தகம்போல முன்வரிசையில் நிறுத்திவைக்க முடியாது. நூலகத் தளத்தின் மூன்றாவது பக்கத்தில், அகர வரிசையில், நிறுவனப் பெயரோடு தொங்கினால் யாரும் தொடமாட்டார்கள். வாசகரிடம் போய் “எப்ஸ்கோவில் பாருங்கள்” என்று சொல்வதில் பயனில்லை. “உங்கள் அப்பாவுக்குக் கொடுத்திருக்கும் இந்த மருந்தைப் பற்றி மருத்துவ இதழில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கலாமா?” என்று கேட்கும் நூலகர் வேண்டும். எத்தனை தேடல், எத்தனை கட்டுரை திறக்கப்பட்டது என்பதை எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் எண்ணித்தர ‘கவுன்ட்டர்’ என்ற பொது அளவுமுறை 2000களின் தொடக்கத்தில் வந்தது. அந்த எண்கள் குறைந்தால் அடுத்த பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவது இந்தச் சந்தாதான். பயிற்சிக்குப் பணம் ஒதுக்காத திட்டங்கள் இப்படித்தான் தங்களைத் தாங்களே கொன்றுகொள்கின்றன.

ஒரே ஒப்பந்தம் என்பதில் ஒரே சுவிட்ச் என்ற ஆபத்தும் இருக்கிறது. 2018இல் யூட்டா மாநிலத்தில், எப்ஸ்கோவின் பள்ளித் தொகுப்பில் ஆபாசம் இருக்கிறது என்று பெற்றோர் சிலரும் ஒரு பிரசார அமைப்பும் குற்றம்சாட்ட, மாநிலக் கல்வி வலையமைப்பு அதை அப்படியே நிறுத்திவைத்தது. நூலகர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு சில வாரங்களில் திரும்பக் கிடைத்தது. ஒரு ஊர் நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுக்கச் சொல்லிச் சண்டை போடுவது பழைய கதை. இங்கே ஒரே முடிவில் ஒரு மாநிலத்துப் பள்ளிகள் அனைத்துக்கும் லட்சக்கணக்கான கட்டுரைகள் மறைந்தன.

பணத்துக்கும் இதே கதி. அமெரிக்க மாநிலங்களின் கூட்டுச் சந்தாவில் கணிசமான பங்கு, நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் என்று 1996இல் உருவான மத்திய அமைப்பான ஐ.எம்.எல்.எஸ். வழியாக வரும் மானியத்திலிருந்து போகிறது. 2025 மார்ச் 14 அன்று அதிபர் டிரம்ப் அந்த அமைப்பை இயன்றவரை சுருக்கும்படி உத்தரவிட்டார். சில வாரங்களிலேயே மெய்ன் மாநில நூலகம் ஊழியர்களைக் குறைத்துத் தற்காலிகமாக மூடியது. மிசிசிப்பி மின்நூல் சேவை ஒன்றை நிறுத்தியது. 21 மாநிலங்கள் வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் தடை வாங்கின. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பழகிய ஏற்பாடு ஒரு கையெழுத்தில் ஆடிப்போனதை நூலகர்கள் பார்த்தார்கள்.

இந்தியாவின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’வுக்கு 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி உள்ளிட்ட 30 பதிப்பகங்கள். ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள். 6,300க்கு மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக வலையமைப்பு மையம் இதை நடத்துகிறது. மாநில அரசுக் கல்லூரிகள் முதல்முறையாக ஐ.ஐ.டி.களோடு ஒரே பட்டியலில் இடம்பெற்றது சாதாரண விஷயமில்லை. இவ்வளவு பணத்தை வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குக் கொடுப்பதற்குப் பதில் யாரும் காசின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களை வளர்த்திருக்கலாம் என்ற விமர்சனமும் நியாயமானதே.

முதல் கட்டத்தில் தனியார் கல்லூரி இல்லை, பொது நூலகம் இல்லை. இரண்டாம் கட்டம் தனியார் நிறுவனங்களுக்கு. மூன்றாம் கட்டத்தில் பொது நூலகங்களில் குறிப்பிட்ட அணுகல் மையங்கள் வழியாக எல்லாக் குடிமக்களுக்கும் என்று திட்டம் சொல்கிறது. அந்தச் சொற்களைக் கவனித்துப் படிக்க வேண்டும். ‘பொது நூலக உறுப்பினருக்கு’ என்று இல்லை, ‘குறிப்பிட்ட மையங்கள்’ என்று இருக்கிறது. ஜார்ஜியாவின் வாசலோ ஐஸ்லாந்தின் வாசலோ இதில் தெரியவில்லை; பிரிட்டனின் கட்டட வாசல் தெரிகிறது. இதற்கிடையே, காசு கட்டிப் படிக்க வேண்டிய கட்டுரைகளை உரிமமின்றி இலவசமாகத் தரும், நிறுவனம் எதையும் சாராத ஆய்வாளர்கள் பலர் ஒதுங்கிய சைஹப் தளத்தை, பதிப்பகங்கள் 2020இல் தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் முடக்க உத்தரவிட்டது. சட்டப்படி அது சரியோ தவறோ, பல்கலைக்கழக அடையாள அட்டை இல்லாதவருக்கு இருந்த பின்வாசலும் அடைபட்டது. முன்வாசல் இன்னும் வரைபடத்தில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த வாசலுக்கான சட்டகம் ஏற்கெனவே உண்டு. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பாடுபட்டு உருவான 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம், நூலகத்துக்கென்று தனி வரியையே ஏற்படுத்தியது. இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, சுமார் 4,600 நூலகங்கள், உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் பெருங்கூட்டம். வசூலான வரியை உள்ளாட்சிகள் நேரத்துக்குக் கொடுப்பதில்லை என்ற புகார் மிகப் பழையது. ஆனால் வருமானத்துக்குச் சட்ட அடித்தளம் இருப்பது பல மாநிலங்களுக்கு இல்லாத வசதி. மாவட்ட மைய நூலகங்களில் காலை முதல் இருட்டும்வரை இடம்பிடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பகுதி டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். சில்ட்டன் கையேடு அமெரிக்காவில் செய்த வேலையை இங்கே போட்டித் தேர்வுத் தொகுப்புதான் செய்யும். அதற்குப் பக்கத்தில்தான் உள்ளூர் வரலாறு எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியரும், வழக்கறிஞரும், சித்த மருத்துவரும் ஆய்விதழைத் தேட வருவார்கள்.

வீட்டு வாசலும் கட்டட வாசலும் கலந்த நடைமுறைக்குச் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர் பல தரவுத்தளங்களை வீட்டிலிருந்தே திறக்கிறார். சில மட்டும் நூலகத்துக்குள். 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’வின் பழைய இதழ்கள் வாரியத்தின் நாளிதழ்க் காப்பகத்தில் ஆங்கில, சீன, மலாய் நாளிதழ்களோடு ஒரே தேடலில் கிடைக்கின்றன. உரிமைச் சிக்கல் உள்ள பக்கங்களுக்கு மட்டும் கட்டடத்துக்குப் போக வேண்டும்.

தமிழ்நாட்டின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. மதுரைத் திட்டம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து ஆவணங்களுக்கான நூலகம் நிறுவனம் என்று தமிழில் திரட்டு வேலை நிறையவே நடந்திருக்கிறது, அதில் பெரும்பகுதி இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் ஒரு பொருளைப் பற்றி எந்தத் தமிழ் இதழில், எந்த ஆண்டு, யார் எழுதினார் என்று எல்லாவற்றையும் ஒருசேரக் காட்டும் கட்டுரை அட்டவணை நம்மிடம் இல்லை. வில்சன் 1901இல் செய்த வேலை அது. 13,000 ஆங்கில இதழ்களின் பட்டியல் கிராம நூலகத்துக்கு வந்து சேரும்போது, அதே திரையில் தமிழ்க் கட்டுரைகளும் வரவில்லை என்றால் பெரும்பாலான வாசகர் ஒரு தடவைக்கு மேல் அதைத் திறக்க மாட்டார். இதற்கு எந்தப் பதிப்பகத்தோடும் பேரம் பேச வேண்டியதில்லை. அட்டவணையாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தால் போதும்.

முதல் ஒப்பந்தக் காலம் 2027 டிசம்பரோடு முடிகிறது. அடுத்த பேரத்துக்கான தயாரிப்பு அதற்கு வெகு முன்பே தொடங்கியாக வேண்டும். அந்த மேசையில் பல்கலைக்கழகத் தரப்பு இருக்கும், அறிவியல் ஆய்வகத் தரப்பு இருக்கும். மாநிலப் பொது நூலகத் துறைகளிலிருந்து யாராவது போய் உட்கார்ந்து, பயனாளர் யார் என்று வரையறுக்கும் பிரிவில் ‘நூலக உறுப்பினர், வீட்டிலிருந்தும்’ என்று எழுதச் சொல்லாவிட்டால், அடுத்த ஒப்பந்தமும் ‘குறிப்பிட்ட மையங்கள்’ என்றே கையெழுத்தாகும்.